விரல் வைக்காத நாட்கள்

மூத்திரம் என்றுதான் முதலில் நினைத்தேன்.
முப்பத்தொராம் கிழமை.
பிள்ளை சலப்பையில் ஏறியிருந்தால்
தும்மினாலும் நனையும் என்று
கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள்.
இது தும்மாமல் வந்தது.
முகாம் ஸ்டோரில் கொடித்தடி எண்ணிக்கொண்டிருந்தேன்.
சிவப்புத் தலை நூற்றுப்பதினாறு.
வெள்ளை எண்பதில் நின்றுபோனேன்.
கால்வழியே இளஞ்சூடாக இறங்கி
பூட்ஸுக்குள் நிறைந்தது.
மணந்து பார்த்தேன்,
அரிசி கழுவின தண்ணீரின் மணம்.

வயிறு தெரிந்த நாளிலிருந்து
என்னை வெடிக்காணிக்குள் விடுவதில்லை.
றெஜினோல்ட் அண்ணை கணக்குக் கொப்பியைத் தந்து
நிழலில் இருத்திவிட்டார்.
நிழலில் இருந்தும் உடைந்தது.

மருத்துவமாது சிவரூபி போனில் கத்தினாள்:
"குளிக்காதை. தடவிப் பாக்காதை.
துணி ஒண்டு வைச்சுக்கொண்டு வெளிக்கிடு.
அந்தத் துணியை எறியாமல் கொண்டு வா."

முல்லைத்தீவில் முதல் ஊசி போட்டுத்தான் ஏற்றினார்கள்.
அது எனக்கல்ல,
உள்ளே இன்னும் விரியாத சுவாசப்பைக்கு.
பிறந்தால் வைக்கிற கண்ணாடிப் பெட்டி
வவுனியாவில்தான் ஒன்று வெறுமையாம்.
ஒட்டுசுட்டான் தாண்ட
நடுத்தெருவில் மாடுகள் படுத்திருந்தன.
சாரதி ஹோர்ன் அடிக்கவில்லை.
இறங்கிப்போய் ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பினார்.
மாங்குளம் சந்திவரை
நான் முழங்காலை முழங்காலோடு ஒட்டிக்கொண்டு கிடந்தேன்,
அதனால் ஏதும் ஆகாதென்று தெரிந்தும்.

"இருமுங்கோ" என்றார் டொக்டர்.
இருமினேன்.
வெளிச்சத்தில் ஒரு கரண்டித் தண்ணீர் மினுங்கியதாம்.
"உள்ளே விரல் வைக்கமாட்டம்.
தொடுற ஒவ்வொரு தரமும் கிருமிக்குப் பாதை."
வேறு யாருக்கும் அதை விளங்கப்படுத்த வேண்டியிருக்கும்.
ஆறு வருசம் அந்தச் சட்டத்தில் சோறு தின்றவள் நான்:
தெரியாததைத் தொடாதே,
அடையாளம் வை,
வந்த வழியே பின்னுக்கு வா.

பிரதாபன் சைக்கிளுக்கு ஒட்டுப்போடுகிறவன்.
பார்வையாளர் நேரத்தில் டொக்டரை மறித்துக் கேட்டான்:
"உதை ஒட்ட ஏலாதோ?"
டொக்டர் சிரிக்கவில்லை.
"ஓட்டை அநேகமா மூடாது. தண்ணி ஊறிக்கொண்டிருக்கும்.
அதில முக்கால்வாசி பிள்ளையின்ர மூத்திரம்தான்."
அப்போது நான் நினைத்தது பிழையில்லை,
ஆள்தான் வேறு.

நாலு மணித்தியாலத்துக்கொரு தரம் காய்ச்சல் பார்த்தார்கள்.
பத்து நாள் குளிசை.
நனைந்த பாட்டை மிஸ்ஸி தில்ருக்ஷியிடம் காட்டவேண்டும்.
வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து
பொறுக்கிச் சேர்த்த தமிழில் சொல்வாள்:
"பச்சை இல்லை. நாத்தம் இல்லை. ஷோக்."
வயிற்றில் பட்டி கட்டி
பிள்ளையின் துடிப்பைக் கேட்க வைப்பார்கள்.
காணியில் மெசின் சத்தம் போட்டால் என் நெஞ்சு நிற்கும்.
இங்கே
சத்தம் ஒரு கணம் வழுக்கினாலும் நிற்கும்.

பக்கத்துக் கட்டில் நஸ்லிஃபா செட்டிகுளத்தாள்.
ஒன்பதாம் நாள் விடிய
அவளை அவசரமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள்.
அவளுடைய மாம்பழம் என் மேசையில் கிடந்தது.
மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தின்றேன்.

பதினேழாம் நாள் குளிர்ந்தது.
கம்பளியைக் கேட்டேன்,
தில்ருக்ஷி தேர்மோமீட்டரோடு வந்தாள்.
முப்பத்தெட்டைத் தாண்டியிருந்தது.
அடிவயிற்றைத் தொட நொந்தது.
துடிப்பு நூற்றெழுபதுக்கு மேல் ஓடியது.
"இனிப் பொறுத்தால்தான் ஆபத்து" என்றார் டொக்டர்.
கையுறை இழுபடும் சத்தம் கேட்டது.
காணியிலும் அப்படி ஒரு நாள் உண்டு,
கண்டெடுத்ததை
அப்படியே விட்டுவிட்டு வரமுடியாத நாள்.

ஆயிரத்து எழுநூற்று இருபது கிராம்.
பெட்டை.
அழுகை வந்தது, இல்லை வரப்பார்த்தது,
பிறகு வந்தது.

மூன்றாம் நாள்
கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினார்கள்.
கையை முழங்கைவரை கழுவச் சொன்னார்கள்,
ஒரு தரம் கழுவி இன்னொரு தரமும் கழுவினேன்.
வட்டத் துவாரத்துக்குள் கை போனது.
போய்
ஒரு சாண் தூரத்தில் நின்றுகொண்டது.
"தொடு, அம்மா" என்றாள் தில்ருக்ஷி.
"இப்ப தொடலாம்."